வீட்டில் தைத்ததுதான் அசல் உடை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி ஆண்டு விழாக்கள் நெருங்கும் வேளையில், மாறுவேடப் போட்டிக்கான சூப்பர் ஹீரோ உடைகள் எங்கே கிடைக்கும், எதை இணையத்தில் வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம் என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தீர்கள். கடைக்குக் கடை விலை போட்டிருந்தீர்கள். வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் ஒரு வரி கூட இல்லை. விட்டுப்போன அந்த வரிக்காகத்தான், ஸ்பைடர்மேன் உடையை வைத்து, இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தையல் விஷயத்தை அரைகுறையாகச் சொன்னால் துணி வீணாகிவிடும்.

நான் புளியந்தோப்பில் தையல் வேலை செய்பவள். என் அப்பா பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) மில்லில் தறி ஓட்டியவர். காக்கித் துணிக்குப் பேர்போன மில். 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதும் அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். 1996-ல் மில் மூடப்பட்ட பிறகு, ஆண்களுக்கு வேலை போன பல வீடுகளில் பெண்களின் தையல் மிஷின்தான் அடுப்பை எரிய வைத்தது. இன்றும் எங்கள் தெருவில் மாலை நேரத்தில் நடந்தால், மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் மிஷின் ஓடும் சத்தம் கேட்கும். சத்தியவாணி முத்து அம்மையார் நினைவாக அரசு கொடுக்கும் இலவச மிஷின்கள் அவற்றில் பல. நான் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்து, அரசுப் பள்ளிக் குழந்தைகளின் சீருடைகளைக் கட்டுக்கட்டாகத் தைத்தவள். ஒரே உடையை நூறு குழந்தைகளின் உடம்புக்கு எப்படிப் பொருத்துவது என்பதுதான் எனக்குத் தெரிந்த கலை.

ஸ்பைடர்மேனை எனக்கு அறிமுகப்படுத்தியவர் என் அண்ணன். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோகும்வரை, அங்கே பழைய புத்தகக் கடைகளிலிருந்து ஆங்கிலப் படக்கதைகளை அள்ளிக்கொண்டு வருவார். அவர் கதை படிப்பார். நான் உடையைப் பார்ப்பேன். 1962 ஆகஸ்ட் மாதப் படக்கதை இதழில் வந்த ஸ்பைடர்மேனின் முதல் கதையைப் பிற்பாடு என் மகன் உட்கார்ந்து வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தான். அதிலிருந்து இந்த உடையைப் பற்றி எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு.

நியூயார்க்கில் பெரியப்பாவும் பெரியம்மாவும் வளர்க்கும் பள்ளிக்கூடப் பையன்தான் ஸ்பைடர்மேன். பணக்கார வீடு இல்லை. சிலந்தி கடித்துச் சக்தி வந்ததும் முதலில் என்ன செய்கிறான்? மல்யுத்த மேடையில் மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தால் நூறு டாலர் என்ற அறிவிப்பைப் பார்த்துப் போகிறான். அப்போது போட்டிருப்பது பழைய துணி, முகத்தில் ஒரு வலைத்துணி, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான், டெலிவிஷனில் தோன்ற வேண்டும் என்றதும், உடையைத் தானே தயார் செய்கிறான். மணிக்கட்டில் கட்டும் வலை வீசும் கருவியும் அவன் கையாலேயே செய்தது. உலகம் முழுவதும் குழந்தைகள் ஆசைப்படும் அந்த உடைக்குக் கடை கிடையாது, கம்பெனி கிடையாது, சம்பளத்துக்கு வைத்த தையற்காரர் கிடையாது.

1965-ல் வந்த கதைகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கட்டம் இருக்கிறது. தன் உடை கையை விட்டுப் போனதால், அவன் வேஷ உடை விற்கும் கடைக்குப் போய், தன்னுடைய வேஷத்தையே காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொள்கிறான். அது உடம்பில் நிற்கவில்லை. நழுவுகிறது. தன் வலைப்பசையாலேயே ஒட்டிக்கொண்டு சண்டைக்குப் போக வேண்டியிருக்கிறது. தைப்பவர்களுக்கு இதைவிடச் சான்று வேண்டாம்: அளவெடுக்காமல் தைத்த உடை அதற்குச் சொந்தக்காரனுக்கே பொருந்தாது.

சூப்பர்மேன் கதையிலும், அவனை எடுத்து வளர்த்த அம்மாதான் உடையைத் தைத்துக் கொடுக்கிறாள். 2021-ல் வந்த மலையாளப் படம் ஒன்றில் மின்னல் தாக்கிச் சக்தி பெறும் நாயகனே ஊரில் தையற்கடை வைத்திருப்பவன். இந்தக் கதைகளை எழுதியவர்களுக்கு, வீரனின் உடையை யாரோ ஒருவர் ஊசி பிடித்துத் தைத்தாக வேண்டும் என்ற நினைப்பு இருந்திருக்கிறது. அந்த நினைப்பு நம் பள்ளிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் இல்லாமல் போனது எனக்கு வேதனையாக இருக்கிறது.

வேதனைக்குக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை. அவள் அம்மா ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் பட்டன் வைக்கும் வேலைக்குப் போகிறாள். “அக்கா, இவள் ஸ்பைடர்மேனாகத்தான் போவேன் என்று அடம் பிடிக்கிறாள், கடையில் கேட்டால் விலை தாங்கவில்லை” என்று என்னிடம் வந்தாள். நான் தைத்துக் கொடுத்தேன். குழந்தை அதைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுப் படிக்கட்டிலிருந்து குதித்த குதியை நான் பார்த்தேன். “ஆயா, கை தூக்கினாலும் இழுக்கவே இல்லை” என்றாள். பள்ளியில் நடுவர்கள் அவளுடைய தாளில், உடை முழுமையாக இல்லை, கடையில் கிடைப்பதைப் போல இல்லை என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். எந்தப் பள்ளி என்று நான் சொல்லப்போவதில்லை. பல இடங்களில் இதுதான் நடக்கிறது. ஆனால் ஒரு குழந்தையிடம், உன் உடை வீட்டில் தைத்தது, அதனால் அது குறை என்று சொல்வது அநியாயம். அதுவும் இந்த உடையைப் பார்த்துச் சொல்வது, கதையே தெரியாமல் தீர்ப்புச் சொல்வது.

இனி எப்படித் தைப்பது என்று சொல்கிறேன். பெற்றோர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளட்டும்.

எந்த உடையைத் தைப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். 1962-ன் உடையில் சிவப்புப் பகுதி முழுக்க வலைக் கோடுகள் இருக்கும். 2016, 2017 ஆண்டுகளில் ஸ்பைடர்மேன் வந்த சினிமாப் படங்களில் பையன் தானே செய்துகொண்ட உடை வேறு. கை வெட்டிய, தலைமூடி வைத்த சிவப்புப் பனியன். அதற்குள்ளே நீலத்தில் முழுக்கைச் சட்டை. நீலத்தில் விளையாட்டுக் கால்சட்டை. மார்பில் கருப்பாக ஒரு சிலந்தி. கண்ணுக்குக் காகிள்ஸ். அறையின் கூரைக்குள் ஒளித்து வைத்திருப்பான். பெரும் பணக்காரர் ஒருவர் அவனுக்குப் புத்தம் புதிய உடை செய்து கொடுத்து, பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொண்ட பின், கடைசிச் சண்டைக்கு அவன் போட்டுக்கொண்டு போவது இந்தப் பழைய உடையைத்தான். முதல் முறை தைப்பவர்கள் இதையே எடுத்துக்கொள்ளுங்கள். வலைக் கோடு இல்லாததால் வேலை பாதி.

இதில் ஒவ்வொன்றும் ஒரு காரணத்துக்காக இருக்கிறது. காகிள்ஸ் அழகுக்கு அல்ல. அவனுக்குப் புலன்கள் எல்லாம் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டதால், பார்வையை ஒருமுகப்படுத்த அது தேவைப்படுகிறது என்று அவனே சொல்கிறான். பனியனில் கை இல்லாதது தோள் தாராளமாகச் சுழல வேண்டும் என்பதற்காக என்று நான் நினைக்கிறேன். எங்கள் பக்கத்துக் குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடங்களில் பிள்ளைகள் பனியன் கையை வெட்டிப் போட்டுக்கொள்வது அதற்குத்தான். காரணம் தெரிந்தால், அதே பொருள் கிடைக்காவிட்டாலும் வேறொன்றை வைத்து அதே உடையைச் செய்துவிடலாம்.

துணி. எங்கள் பகுதியில் சிவப்புப் பனியனுக்குப் பஞ்சம் இல்லை. மே தின ஊர்வலத்துக்குச் சங்கங்கள் கொடுத்த பனியன் வீட்டுக்கு வீடு மடித்து வைத்திருக்கிறார்கள். பெரிய ஆள் அளவுப் பனியன் ஒன்று போதும், எட்டு வயதுக் குழந்தைக்கு மேல் உடுப்பும் முகமூடியும் அதிலேயே வந்துவிடும். நெஞ்சில் அச்சடித்த எழுத்து இருந்தால் கவலைப்பட வேண்டாம், சிலந்தி அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். நீலத்துக்கு, உயரம் போதாமல் போன பழைய விளையாட்டுச் சீருடைக் கால்சட்டை. முழுக்கைச் சட்டை வீட்டில் இல்லையென்றால், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பனியன் துணி வாங்கலாம். படத்தில் இருப்பதைப் போலவே வேண்டும் என்று உள்ளே பஞ்சு வைத்த கனத்த துணியை வாங்காதீர்கள். அது நியூயார்க் குளிருக்கு. சென்னையில் குழந்தை மேடை ஏறும் முன்பே வியர்த்து நனைந்துவிடும்.

புதுத் துணியாக இருந்தால் வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்தே ஆக வேண்டும். பனியன் துணி சுருங்கும். சிவப்புச் சாயம் இறங்கி நீலத்தில் ஏறினால் உடை பாழ். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் போதும் என்பார்கள். நான் அதை நம்பி விடுவதில்லை. அலசும் தண்ணீர் தெளிவாகும்வரை அலசுகிறேன்.

அளவு எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடை உடைகள் கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டாக வருகின்றன. ஒரே துண்டு உடைக்கு ஒரு முக்கியமான அளவு உண்டு: தோளில் டேப்பை வைத்து, முன்பக்கமாக இறக்கி, கால்களுக்கு நடுவே விட்டு, முதுகு வழியாகத் திரும்பத் தோளுக்கே கொண்டுவர வேண்டும். அது ஓர் அங்குலம் குறைந்தாலும் குனியும்போது கவட்டையில் கிழியும். குழந்தையின் மார்பும் உயரமும் தெரிந்தால் போதும் என்று விற்பவர்கள் இந்த அளவைக் கேட்பதே இல்லை. ஒரே துண்டு உடையில் இன்னொரு கொடுமை, முதுகில் ஜிப். மேடைக்குப் பின்னால் காத்திருக்கும் குழந்தை கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் யாராவது வந்து அவிழ்த்துவிட வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டு நின்ற குழந்தைகளை எனக்குத் தெரியும். மேல் வேறு கீழ் வேறாகத் தையுங்கள். நான் சொன்ன படத்து உடையும் அப்படித்தான்.

கால்சட்டை கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் கவட்டைத் தையலைப் பிரித்து, நான்கு அங்குலச் சதுரத் துணியை மூலை மேலே வரும்படி வைத்துத் தைத்துவிடுங்கள். நான்கு தையலும் ஒரே புள்ளியில் சேர்ந்து இழுபடாமல் இருக்கும். பிறகு குழந்தையைக் குத்துக்காலிட்டு உட்காரச் சொல்லிப் பாருங்கள். அந்தச் சோதனையில் தேறினால் எந்த மேடையிலும் கிழியாது.

மேல் உடுப்புக்குப் பழைய செய்தித்தாளில் அளவுப் படம் வெட்டிக்கொள்ளலாம். குழந்தைக்குச் சரியாக இருக்கும் ஒரு பனியனை இரண்டாக மடித்து, தாளின் மேல் வைத்து, ஓரத்தை வரைந்து, தையலுக்கு அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். தலைமூடி வைத்த உடுப்பு தளர்வாக இருக்க வேண்டும், ஆகவே மார்புச் சுற்றளவில் மொத்தம் மூன்று அங்குலம், அதாவது மடித்து வரைந்த தாளில் முக்கால் அங்குலம், கூட்டிக்கொள்ளுங்கள். பெரிய பனியனைத் தாளின்படி வெட்டியதும் கீழே ஒரு பட்டைத் துணி மிஞ்சும், அதுதான் தலைமூடி. அகலம் போதாவிட்டால் நடுவில் ஒட்டுப் போடலாம். வெட்டி எடுத்த இரண்டு கைகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவைதான் முகமூடி.

இதை விவரமாகச் சொல்ல வேண்டும். பெரிய ஆள் பனியனின் அரைக்கையை அக்குள் தையலில் பிரித்து விரித்தால், ஏறக்குறைய பதினாறு அங்குல அகலமும் எட்டு அங்குல உயரமும் உள்ள துண்டு கிடைக்கும். இரண்டு கைக்கு இரண்டு துண்டு. எட்டு வயதுக் குழந்தையின் தலைச் சுற்றளவு இருபது, இருபத்தொன்று அங்குலம் இருக்கும். பனியன் துணி எந்தப் பக்கம் நீளுமோ அந்தப் பக்கம் தலையைச் சுற்றி வர வேண்டும். கைத் துண்டில் அகலவாக்கில்தான் துணி நீளும். ஆகவே துண்டைத் திருப்பாமல் அப்படியே வைத்து, ஒரு காதின் பக்கத்துக்கு ஒன்றாக, மூக்கின் நடுவிலிருந்து உச்சந்தலை வழியாகப் பிடரிவரை வளைவாக வரைந்து வெட்டி இணைக்க வேண்டும். உயரம் போதாத கழுத்துப் பகுதிக்கு மூன்று அங்குலப் பட்டி ஒட்டினால் முகமூடி நிறைந்துவிடும். ஒரு பனியனில் கை போய்த் தலை வந்துவிட்டது. அந்தப் பையனும் இப்படித்தான் வெட்டியிருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. இருக்கும் துணியை வைத்துத் தைக்கிறவர்களின் கத்தரி எல்லா ஊரிலும் ஒரே வழியில்தான் போகும்.

தைக்கும்போது சாதாரண நேர் தையல் போட்டால், துணி நீளும்போது நூல் அறுந்துவிடும். ஜிக்ஜாக் வசதியுள்ள மிஷினில் மிகக் குறுகலான ஜிக்ஜாக் போடுங்கள். வீட்டில் பழைய கறுப்பு மிஷின்தான் இருக்கிறது என்றால், துணியை இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நேர் தையல் போடலாம். துணி ஓரம் பிரியாமல் இருக்கப் போடும் ஓவர்லாக் தையலை மட்டும் கடையில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள். ஊசி பனியன் துணிக்கான முனை மழுங்கிய ஊசியாக இருக்கட்டும். கூர் ஊசி இழையைக் குத்தி அறுக்கும், பிறகு அங்கிருந்து ஓட்டை விழும். மெல்லிய துணி மிஷின் பல்லுக்குள் இழுபட்டால், அடியில் ஒரு தாள் வைத்து, தாளோடு சேர்த்துத் தைத்து, பிறகு கிழித்து எடுத்துவிடுங்கள். அச்சடிக்காத தாளாக இருக்கட்டும், மை ஒட்டும்.

சிலந்திக்கு நான் பயன்படுத்துவது பழைய குடைத் துணி. கம்பி ஒடிந்த குடை எல்லா வீட்டிலும் பரண் மேல் கிடக்கும். கருப்பு, மெல்லியது, தோய்த்தாலும் நிறம் போகாது. துணியை இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் பாதிச் சிலந்தியை, ஒரு பக்கத்து நான்கு கால்களோடு வரைந்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். கால்களை அரை அங்குலத்துக்குக் குறைவாக வெட்டாதீர்கள், தைக்க இடம் இருக்காது. பிறகு, குண்டூசி குத்தினால் கால்கள் கோணும் என்பதால், மைதா மாவைக் காய்ச்சித் தடவி மார்பில் ஒட்டிக் காயவிடுங்கள். காய்ந்ததும் ஓரத்தைச் சுற்றித் தைத்துவிட்டு, ஒரு முறை தோய்த்தால் பசை போய்விடும், சிலந்தி நிற்கும்.

1962-ன் வலைக் கோடுதான் வேண்டும் என்று அடம் பிடிக்கும் குழந்தைகளுக்கு: முகமூடியில் வலையின் மையம் இரண்டு கண்ணுக்கு நடுவே, மூக்கின் மேல் இருக்கிறது. அங்கிருந்து கோடுகள் நாலாபக்கமும் பிரிய வேண்டும். அவற்றை இணைக்கும் கோடுகள் நேராக இருக்கக் கூடாது, மையத்தை நோக்கித் தொய்ந்திருக்க வேண்டும். சாக்பீஸால் முதலில் முகமூடியைக் குழந்தையின் தலையில் போட்டு வரையுங்கள். தரையில் விரித்து வரைந்தால், போட்டதும் கோடுகள் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். மேலே துணிக்குப் பூசும் பெயின்ட் போதும். காசிமேட்டிலிருந்து அறுந்த மீன்வலைத் துண்டு வாங்கி மேலே வைத்துத் தைத்தவர்களும் உண்டு. மேல் உடுப்பில் அது மிக அழகாக இருக்கும், ஆனால் முகத்தில் வேண்டாம், நைலான் உறுத்தும்.

முகமூடி பற்றி இன்னும் ஒரு பேச்சு உண்டு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வாய்க்கும் மூக்குக்கும் முன்னால் ஒற்றைத் துணிக்கு மேல் இருக்கக் கூடாது. லைனிங் கொடுக்காதீர்கள். கண் பகுதியை வெட்டி எடுத்து, உள்பக்கம் கருப்புக் கொசுவலையை வைத்துத் தையுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் கண் தெரியாது, உள்ளிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். காகிள்ஸுக்குப் பதிலாக, அகலமான பிளாஸ்டிக் டப்பா மூடி இரண்டின் நடுப்பகுதியை வெட்டி வளையமாக்கி, கூரான ஓரத்தை மின்சார வேலைக்கு ஒட்டும் கருப்பு டேப்பால் சுற்றி மூடி, எலாஸ்டிக் கோத்து முகமூடிக்கு மேல் மாட்டலாம். கண்ணாடி வேண்டாம். நீச்சல் காகிள்ஸும் வேண்டாம், ஆவி படிந்து குழந்தை படி தெரியாமல் தடுக்கி விழும். மணிக்கட்டுக் கருவிக்குப் பழைய சாக்ஸின் மேல்பகுதியை வெட்டி மாட்டி, மேலே இரண்டு பெரிய கோட் பட்டன் தைத்தால் போதும்.

சிலர் கேட்கிறார்கள், வீட்டில் செய்த உடை என்றால் கோணல்மாணலாகத் தைத்தால்தானே அப்படித் தெரியும் என்று. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. படத்தில் வரும் உடை, பள்ளிப் பையன் தைத்தது போலத் தெரிய வேண்டும் என்று தேர்ந்த கைகள் உட்கார்ந்து தைத்தது. எளிமையாகத் தைப்பது வேறு, அலட்சியமாகத் தைப்பது வேறு. கை வெட்டிய இடத்தில் கருப்பு நூலை இரட்டையாகக் கோத்து, கால் அங்குல இடைவெளியில் கைத்தையல் போடுங்கள். தையல் வெளியே தெரியட்டும், சீராகத் தெரியட்டும். அதைக் குழந்தையையே போடச் சொல்லுங்கள். எட்டு வயதில் ஓட்டுத் தையல் தாராளமாகப் போடலாம். நான் தைத்துக் கொடுத்த உடையில் ஒரு பக்கத் தோளைப் போட்டது அந்தக் குழந்தைதான்.

ஒரு தாளை வெட்டிவிட்டால் தெருவுக்கே தைக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். சீருடை தைப்பவர்களுக்கு இது தினசரி வேலை. மார்புச் சுற்றளவு 24 அங்குலத்துக்கு வெட்டிய தாளை 26-க்கு மாற்ற, இரண்டு அங்குலத்தை ஒரே இடத்தில் கூட்டக் கூடாது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் மடித்து வெட்டுவதால், தாளில் இருப்பது சுற்றளவில் கால் பங்கு. அதன் பக்கவாட்டில் அரை அங்குலம் கூட்டினால் போதும். தோளில் கால் அங்குலம், நீளத்தில் ஓர் அங்குலம். கழுத்தைத் தொட வேண்டாம். இப்படி 24, 26, 28 என்று மூன்று தாள் வைத்துக்கொண்டால் மூன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புவரை பெரும்பாலான குழந்தைகளுக்குச் சரியாகிவிடும்.

கடை உடையை நான் அடியோடு மறுக்கவில்லை. வாங்க முடிந்தவர்கள், தைக்க நேரமில்லாதவர்கள் வாங்கட்டும். ஆனால் அவற்றில் பல முழுக்கப் பாலியெஸ்டர். காற்றுப் புகாது. நெஞ்சிலும் தோளிலும் ஸ்பாஞ்சு வைத்திருப்பார்கள், அது இன்னும் புழுக்கம். விழா மேடையில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். பருத்தியும் எரியும்தான், ஆனால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். விளக்குக்கு அருகில் நிற்கும் எந்தக் குழந்தையின் உடையையும் பெரியவர் ஒருவர் கவனித்துக்கொண்டிருப்பது நல்லது.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இரண்டு. பள்ளி நிர்வாகங்களுக்குத் தங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள்: மாறுவேடப் போட்டி அறிவிப்பில் “வீட்டில் தைத்த உடைகள் வரவேற்கப்படுகின்றன” என்று ஒரு வரி சேருங்கள். முடிந்தால், தாங்களே தைத்து வரும் குழந்தைகளுக்குத் தனியாக ஒரு பரிசு வையுங்கள். பொருள் எதுவாக இருந்தாலும், உடையைப் பற்றி அந்தக் குழந்தையிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு மதிப்பெண் போடுங்கள். எந்தத் துணி, யார் தைத்தது, ஏன் இந்த இடத்தில் இது என்று கேட்டால், எங்கள் தெருக் குழந்தை கால் மணி நேரம் பதில் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

தங்களிடம் கேட்பது: ஞாயிறு இணைப்பின் சிறுவர் பக்கத்தில் அரைப் பக்கம் இடம் கொடுங்கள். மேல் உடுப்பு, முகமூடி, சிலந்தி மூன்றுக்கும் நான் கட்டம் போட்ட அளவுப் படம் வரைந்து இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். ஒரு கட்டம் ஓர் அங்குலம். பக்கத்துக்குப் பொருந்துவதற்காகப் படத்தைச் சுருக்கினாலும் பரவாயில்லை, கட்டங்களை மட்டும் எடுத்துவிடாதீர்கள். கட்டத்தை எண்ணித்தான் பெரிய தாளில் திரும்ப வரைய முடியும். படத்தின் ஓரத்தில், துணி எந்தப் பக்கம் நீள வேண்டும் என்று காட்டும் அம்புக்குறி ஒவ்வொரு துண்டிலும் இருக்கிறது. அதுவும் அச்சில் விழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஒரு தையற்காரர்,
புளியந்தோப்பு, சென்னை-12.